நூலகத்தின் கணக்கு வழக்கு

பல்கலைக்கழக நூலகம் வாங்கும் ஒவ்வொரு புத்தகமும் அலமாரிக்குப் போகுமுன் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரியாக ஏறுகிறது. நூலகப் பணியாளர் பேச்சில் இது ‘அக்செஷன் ரிஜிஸ்டர்’. கெட்டி அட்டையும் அச்சிட்ட பக்க எண்களும் கொண்ட பெரிய பேரேடு. மொத்தம் இத்தனை பக்கம் என்று முதல் பக்கத்திலேயே பொறுப்பு அலுவலர் சான்றளித்திருப்பார். நாள், சேர்க்கை எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஊர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விற்பனையாளர், பில் எண், விலை, பகுப்பு எண், நீக்கிய நாள், குறிப்பு என்று கட்டங்கள் விரித்த இரண்டு பக்கங்களுக்கும் நீளும். அடித்து எழுதக் கூடாது. தவறு நேர்ந்தால் சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். கணினி வந்த பிறகும் பல நூலகங்கள் இந்தப் பேரேட்டைக் கைவிடவில்லை. ஆண்டு முடிவில் கணினியிலிருந்து அச்செடுத்து, பைண்ட் செய்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கின்றன.

அதே எண் புத்தகத்திலும் ஏறும். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஒரு முத்திரை, கடைசிப் பக்கத்தில் இன்னொன்று, இவை போக ‘ரகசியப் பக்கம்’ என்று ஒன்று. ஒவ்வொரு நூலகமும் தனக்கென ஒரு பக்க எண்ணை முடிவு செய்து வைத்திருக்கும். எந்தப் புத்தகம் ஆனாலும் அந்தப் பக்கத்தின் அடியில் முத்திரையும் எண்ணும் இருக்கும். முன்னும் பின்னும் கிழிக்கப்பட்டுப் பழைய புத்தகக் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிரதியைக் காட்டிக் கொடுப்பது இதுதான். ரகசியம் என்று பெயரே தவிர, அது எந்தப் பக்கம் என்பது இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கே தெரிந்திருக்கும். அடுத்து, விற்பனையாளரின் பில்லைத் திருப்பி அதன் முதுகில் சான்று எழுதுவார்கள்: பில்லில் கண்ட நூல்கள் நல்ல நிலையில் பெறப்பட்டன, சேர்க்கை எண் இன்னது முதல் இன்னது வரை பதியப்பட்டன, விலை சரிபார்க்கப்பட்டது. இந்த மூன்று வரி இல்லாத பில் நிதிப் பிரிவிலிருந்து போன வேகத்தில் திரும்பி வரும்.

ஆக, நூலகத்தின் மூலக் கணக்கு ஒரு சொத்துக் கணக்கு. பல்கலைக்கழகப் பணத்தில் வாங்கிய பொருள் எங்கே என்று தணிக்கையாளர் கேட்டால் காட்டுவதற்காக எழுதப்படுவது. எத்தனை பேர் படித்தார்கள், செலவு தகுமா, ஆராய்ச்சிக்கு உதவியதா என்ற கேள்விகள் பின்னால் வந்தவை. அவற்றுக்கும் விடையை இதே பேரேட்டிலிருந்து பிழிந்தெடுக்கப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நூலகப் புள்ளிவிவரங்களில் விழும் சிக்கல்களில் பெரும்பாலானவை, ஒரு கேள்விக்காக எழுதிய எண்ணை வேறொரு கேள்விக்கு விடையாக நீட்டுவதால் வருபவை.

இதற்கு ஆகச் சாதாரணமான உதாரணம் ‘நூலகத்தில் எத்தனை புத்தகம்’ என்பது. சேர்க்கை எண் தொடர் எண். ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொரு புத்தகத்துக்குக் கொடுப்பதில்லை. புத்தகம் தொலைந்தாலும், செல்லரித்து நீக்கப்பட்டாலும், எண் அதோடு ஓய்ந்துவிடும். ஆகவே கடைசிச் சேர்க்கை எண் என்பது நூலகம் தொடங்கிய நாள் முதல் உள்ளே வந்தவற்றின் எண்ணிக்கை. இன்று இருப்பவற்றின் எண்ணிக்கையை அறிய நீக்கியவற்றைக் கழிக்க வேண்டும். ஆண்டறிக்கைக்கு அவசரமாகத் தகவல் கேட்கும்போது கழிக்க நேரம் இருக்காது. கடைசி எண்ணே ‘மொத்த நூல்கள்’ என்று அச்சேறிவிடும். அடுத்த ஆண்டு யாராவது ஒழுங்காகக் கழித்து எழுதினால் நூலகம் திடீரென்று சுருங்கிப் போனதாகத் தெரியும். அதற்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வரும் என்பதால், பழைய பழக்கமே தொடர்கிறது.

எண்ணும் அலகிலும் குழப்பம் உண்டு. ஒரே பாடநூலின் 20 பிரதிகள் 20 தொகுதிகள், ஆனால் ஒரே தலைப்பு. ஆராய்ச்சி நூலகத்தின் வளத்தைச் சொல்வது தலைப்புகளின் எண்ணிக்கைதான். பேரேடு சொல்வதோ தொகுதிகளை. ஆய்விதழின் ஓராண்டு இதழ்கள் சேர்ந்து பைண்ட் ஆன பிறகே சேர்க்கை எண் பெறும். பைண்டிங்குக்குப் பணம் இல்லாத ஆண்டுகளில் வந்த இதழ்கள் கட்டுக் கட்டாகக் கிடந்தாலும் கணக்கில் இல்லை. ஆய்வேடுகளுக்குத் தனி வரிசை, அன்பளிப்புகளுக்குத் தனி வரிசை. ஓலைச்சுவடிகளின் பாடு இன்னும் சிக்கல். ஒரு சுவடிக் கட்டுக்குள் மூன்று நூல்கள் இருக்கலாம், ஒரே நூல் இரண்டு கட்டுகளில் பிரிந்தும் கிடக்கலாம். சென்னைப் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்திலேயே நெடுங்காலம் இயங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களில் அட்டவணை வேலையே பெரிய புலமை வேலையானது இதனால்தான். கட்டை எண்ணுவதா, நூலை எண்ணுவதா என்பதைச் சொல்லாமல் தரப்படும் சுவடி எண்ணிக்கையை நம்பிப் பயனில்லை.

சேர்க்கைப் பேரேட்டுக்குத் துணையாக அன்றாட வேலைகளை ஒழுங்குபடுத்தி எழுதியவர் எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அந்த ஆண்டே லண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அவர் வகுத்த கோலன் பகுப்பு முறை 1933-இல் வந்தது. 1935-இல் வெளியான ‘லைப்ரரி அட்மினிஸ்ட்ரேஷன்’ நூலக வேலையைச் சிறுசிறு பணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதிவு, கோப்பு, நேரம் என்று வகுத்தது. பகுப்பு முறைக்குக் கிடைத்த புகழ் இந்தத் தடித்த புத்தகத்துக்குக் கிடைக்கவில்லை. நூலகத்தின் பின்கட்டில் வேலை செய்பவருக்கு அதிகம் உதவியது என்னவோ இதுதான். ரங்கநாதன் சென்னையில் கொண்டுவந்த இன்னொரு மாற்றம் திறந்த அலமாரி. வாசகரே போய் எடுத்துக்கொள்ளலாம் என்றானபின் படிப்பு பெருகியது. கூடவே, தொலையும் புத்தகமும் இருக்கத்தான் செய்யும் என்பதை நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்த ஒப்புதல் இன்று விதியாகவே இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆம் விதி நூலக இருப்புச் சரிபார்ப்பைப் பற்றியது. 20,000 தொகுதிகள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. 20,000-க்கு மேல் 50,000 வரை என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறையாவது. 50,000-க்கு மேல் என்றால் 3 ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் மாதிரிச் சரிபார்ப்பு. மாதிரியில் வழக்கத்துக்கு மாறான இழப்பு தெரிந்தால் முழுவதும் சரிபார்க்க வேண்டும். வழங்கிய அல்லது பார்வையிட்ட நூல்களில் ஆண்டுக்கு 1,000-க்கு 5 வரை தொலைவது இயல்பான இழப்பு. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும், விலை எதுவானாலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரணை உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தத்தம் கணக்கு விதிகள் இருந்தாலும், தணிக்கைத் தடைக்குப் பதில் எழுதும்போது இந்த விதியையே மேற்கோள் காட்டுவது வழக்கம்.

‘வழங்கிய அல்லது பார்வையிட்ட’ என்ற சொற்களைப் பல நூலகங்கள் கவனிப்பதில்லை. ஆண்டுக்கு 40,000 நூல்களை வீட்டுக்கு வழங்கும் நூலகத்துக்கு அனுமதிக்கப்பட்ட இழப்பு 200. அதே நூலகத்தின் உள்ளே உட்கார்ந்து படிக்கப்படுபவை 60,000 என்று பதிவில் இருந்தால் அனுமதி 500 ஆகிவிடும். உள்வாசிப்பை எண்ணாத நூலகம் தன் தலையில் தானே சுமையை ஏற்றிக்கொள்கிறது.

சரிபார்ப்பு பெரும்பாலும் மே மாத விடுமுறையில் நடக்கும். ஒருவர் அலமாரி முன் நின்று எண்ணை வாசிக்க, மற்றவர் பட்டியலில் அடித்துக்கொண்டே போவார். 1-ஐ 7 என்றும் 6-ஐ 9 என்றும் பழைய கையெழுத்தில் படித்துவிடுவது சாதாரணம். முதல் சுற்று முடிவில் கிடைக்கும் ‘காணவில்லை’ பட்டியலைப் பார்த்தால் எந்தப் புது நூலகருக்கும் வயிற்றைக் கலக்கும். அனுபவப்பட்டவர்கள் அதை யாருக்கும் அனுப்புவதில்லை. வழங்கலில் உள்ளவை, பைண்டிங்குக்குப் போனவை, துறை நூலகத்துக்கு மாற்றியவை என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார்கள். பிறகு அலமாரிகளின் பின்வரிசையைத் தேடுவார்கள். தேர்வுக்குத் தேவையான கணக்கியல் புத்தகம் யாரும் போகாத தத்துவ அலமாரியில் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். நாளை வந்து தானே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு மாணவர் ஒளித்து வைத்து, பிறகு மறந்தது. பேராசிரியர் அறைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவை ஓய்வுபெறும் நாளில் நிலுவை இல்லாச் சான்று கேட்கும்போதுதான் வெளியே வரும்.

பார்கோடு, ஆர்.எஃப்.ஐ.டி. வந்தபின் வேலை வேகமாகிவிட்டது. ஆனால் புது வகைப் பிழையும் வந்தது. பழைய பேரேட்டைக் கணினியில் ஏற்றும் வேலை பல இடங்களில் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டது. வரிக்கு இவ்வளவு கூலி என்றால் வேகம்தான் முக்கியம். விளைவு, அலமாரியில் கண்ணெதிரே நிற்கும் புத்தகம் தரவுத்தளத்தில் இல்லை. தரவுத்தளத்தில் உள்ள புத்தகம் 30 ஆண்டுக்கு முன்பே நீக்கப்பட்டது. ஸ்கேனர் காட்டும் பற்றாக்குறையில் எவ்வளவு புத்தகத்தின் இழப்பு, எவ்வளவு தட்டச்சின் பிழை என்று பிரிக்க மறுபடியும் பழைய பேரேட்டைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

புத்தகத்தின் மதிப்பு என்ன என்பதற்கு ஒரே நிறுவனத்தில் இரண்டு விடைகள் உண்டு. 1938-இல் 3 ரூபாய்க்கு வாங்கிய நூல் பேரேட்டில் இன்றும் 3 ரூபாய். நிதிப் பிரிவின் கணக்கிலோ அது எப்போதோ தேய்ந்து போயிருக்கும். மத்திய உயர்கல்வி நிறுவனங்களுக்கான கணக்குப் படிவத்தில் நூலகப் புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம். முழுதும் தேய்ந்த சொத்து 1 ரூபாய் என்று நிற்கும். மின்னிதழ்கள் கண்ணுக்குத் தெரியாத சொத்து வகையில் சேர்ந்து 40 சதவீதம் தேய்கின்றன. எந்த நூல் ஆராய்ச்சிக்கு விலைமதிக்க முடியாததாக ஆகியிருக்கிறதோ அதுவே இரண்டு கணக்கிலும் சல்லிக்காசு பெறாதது. அரிய நூலுக்கு விலை பாராமல் விசாரணை என்று விதி தனியாகச் சொன்னதன் நியாயம் இதில் இருக்கிறது.

செலவுக் கணக்கில் முதல் பிரச்சினை எவ்வளவு செலவழிக்கலாம் என்பது. ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948–49), பல்கலைக்கழக வரவு செலவில் 6.25 சதவீதத்தை நூலகத்துக்கு ஒதுக்கலாம் என்றது. கோத்தாரி கல்விக் குழு (1964–66) மாணவருக்கு 25 ரூபாய், ஆசிரியருக்கு 300 ரூபாய் என்று தலைக்கணக்கில் சொன்னது. அந்த ரூபாய்க்கு இன்று பொருளில்லை. சதவீதத்தில் சூட்சுமம் வேறு. சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்த மொத்தச் செலவின் மேல் கணக்கிட்டால் நூலகத்தின் பங்கு கடுகளவு. நூலகப் பணியாளர் சம்பளத்தையும் கட்டடப் பராமரிப்பையும் நூலகச் செலவில் சேர்த்துவிட்டால் அதே பங்கு கண்ணுக்கு நிறைவாகத் தெரியும். எதை எதால் வகுத்தது என்று எழுதாத சதவீதத்தை வைத்து இரண்டு பல்கலைக்கழகங்களை ஒப்பிட்டால் வீண் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

இரண்டாவது, காலம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஒதுக்கீட்டு ஆணை பல மாதம் தாமதமாக வரும். மார்ச் 31-க்குள் செலவழிக்காத பணம் போய்விடும். எனவே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புத்தகப் பெட்டிகள் வந்து குவியும். அந்த வாரங்களில் வாங்கும் நூல்கள், துறைகள் கேட்டவை என்பதைவிட விற்பனையாளரிடம் கையிருப்பில் இருந்தவை என்பதே பல நேரம் உண்மை. பயன்பாட்டு அறிக்கையில் யாரும் தொடாத புத்தகங்களின் சேர்க்கை நாளைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

வெளிநாட்டு நூல்களுக்கு நாணய மாற்று விகிதம் இன்னொரு தலைவலி. புத்தக வணிகர் தரப்பின் ‘குட் ஆஃபீசஸ் கமிட்டி’ வெளியிடும் விகிதம் வங்கி விகிதத்தைவிடக் கூடுதலாக இருக்கும். எந்த விகிதம், எந்தத் தேதியின் விகிதம் என்பதைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிடுவது நல்லது. எழுதாவிட்டால் வித்தியாசத் தொகைக்குத் தணிக்கைத் தடை நிச்சயம்.

ஆய்விதழ்ச் சந்தாவில் கணக்கு விதியும் வணிக வழக்கமும் நேருக்கு நேர் மோதுகின்றன. அரசுப் பணத்துக்குப் பொதுவான முறை, பொருள் வந்தபின் பணம். இதழ்களுக்கோ ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்ட வேண்டும். சந்தா ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால் ஒரே சந்தா இரண்டு நிதியாண்டுகளில் கால் வைத்து நிற்கும். அச்சிதழ் வரவைக் கண்காணிக்க நூலகங்கள் நெடுங்காலம் கையாண்டது கார்டெக்ஸ். தட்டுத் தட்டாக இழுக்கும் இரும்புப் பெட்டியில் இதழுக்கு ஓர் அட்டை. அட்டையில் 12 மாதக் கட்டங்கள். தபாலில் வந்த இதழை அன்றே அதற்குரிய கட்டத்தில் குறிப்பார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்து அடுத்தது நிரம்பினால் ஓர் இதழ் தவறிவிட்டது என்று பொருள். உடனே முகவருக்கு நினைவூட்டல் போக வேண்டும். காலம் தாழ்த்திக் கேட்டால் பதிப்பகம் பிரதி தீர்ந்துவிட்டது என்று கைவிரித்துவிடும். மார்ச் இதழ் ஒன்று இல்லாததால் அந்த ஆண்டுத் தொகுதி பைண்டிங்குக்குப் போகாமல் ஆண்டுக்கணக்கில் மூலையில் கிடந்த கதை எல்லா நூலகத்திலும் உண்டு.

அடுத்து, சேவைக் கணக்கு. இதில் எளிதானது வழங்கல். புத்தகம் வெளியே போகும்போது எப்படியும் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவைத் திரட்டிப் பார்த்ததில் மிகவும் சலசலப்பை உண்டாக்கியது 1979-இல் வெளியான பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு. அங்கே 1969-இல் வாங்கிய புத்தகங்களில் ஏறத்தாழ 40 சதவீதம், அடுத்த 6 ஆண்டுகளில் ஒருமுறைகூட வெளியே போகவில்லை என்று அது காட்டியது. நிதி அலுவலர்களுக்கு இது நல்ல ஆயுதமாயிற்று. நூலகத்தார் இரண்டு எதிர்வாதம் வைத்தார்கள். வெளியே போகாதது உள்ளேயே படிக்கப்பட்டிருக்கலாம். ஆராய்ச்சி நூலகத்தில் ஒரு நூல் தனக்குரிய வாசகருக்காக 20 ஆண்டு காத்திருப்பதும் குற்றமில்லை. முதல் வாதத்தை எண்ணிச் சரிபார்க்க முடியும். இரண்டாவது எண்ணிக்கைக்கு அகப்படாது. எந்த நூல் காத்திருக்கத் தகும் என்று துறை தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

உள்வாசிப்பை எண்ணுவதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. ‘எடுத்த புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிடவும்’ என்று எல்லா நூலகத்திலும் பலகை தொங்கும். தப்பான அலமாரியில் சொருகிவிடக் கூடாது என்பது அதன் வெளிப்படையான காரணம். மறைவான காரணம் எண்ணிக்கை. மாலையில் மேசைகளிலிருந்து புத்தகங்களைத் திரட்டும் உதவியாளர் அலமாரியில் அடுக்குமுன் பார்கோடை ஒருமுறை காட்டிவிட்டால், எந்தத் துறை நூல், எத்தனை முறை என்ற பதிவு தானாகச் சேர்ந்துவிடும். கோஹா போன்ற நூலக மென்பொருள்களில் இதற்கு வசதி உண்டு. செய்பவர்கள் குறைவு. ஆள் பற்றாக்குறை உண்மையான காரணம். இதை யாரும் கேட்பதில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கேட்பது வாசல் எண்ணிக்கையை. கையெழுத்துப் பதிவேடு போய் அடையாள அட்டையை ஸ்கேன் செய்யும் முறை வந்துவிட்டது. தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவான ‘நாக்’ தன் மதிப்பீட்டுப் படிவத்தின் 4.2 பிரிவில் நூலகத்தை ஒரு நாளில் சராசரியாக எத்தனை ஆசிரியர்களும் மாணவர்களும் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டதால், வாசலில் ஸ்கேன் ஆகாமல் உள்ளே போகக் கூடாது என்பதில் எல்லா நூலகங்களும் கண்டிப்பாகிவிட்டன. வருபவர் நூலகத்தின் புத்தகத்தைத் தொட்டாரா என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டில் பல வளாகங்களில் வாசிப்பறை நாற்காலிகளில் பெரும்பகுதி, சொந்தப் புத்தகத்துடன் வந்து டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுடையது. அவர்களுக்கு வேண்டியது மேசை, விளக்கு, மின்விசிறி, அமைதி. இதுவும் நூலகச் சேவைதான். ஆனால் இதை நூல் பயன்பாட்டுக் கணக்கில் காட்டுவது பொய்க்கணக்கு.

குறிப்புதவிப் பிரிவின் வேலை எண்ணிக்கையில் மிகவும் அடிபடுகிறது. கழிப்பறை எங்கே என்ற கேள்வியும், 19-ஆம் நூற்றாண்டு நில வருவாய் அறிக்கை எங்கே கிடைக்கும் என்ற கேள்வியும் துண்டுச்சீட்டில் ஆளுக்கொரு கோடு. இரண்டாவதற்கு இரண்டு நாள் தேட வேண்டியிருக்கும். நூலகங்களின் வலையமைப்பான டெல்நெட் வழியாக வேறு நூலகத்திலிருந்து நூலை வரவழைக்கவும் வேண்டியிருக்கும்.

மின்னிதழ்கள் வந்ததும் கணக்கின் அடிப்படையே மாறியது. பொருள் நூலகத்தில் இல்லை. பதிப்பகத்தின் கணினியில் இருக்கிறது. நூலகம் வாங்குவது அனுமதி. சேர்க்கை எண் போட எதுவுமில்லை, சரிபார்க்க அலமாரியும் இல்லை. யார் எத்தனை முறை படித்தார் என்ற பதிவும் விற்பவரிடமே இருக்கிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு பதிப்பகமும் தன் மனம்போல் எண்ணியது. ஒருவருக்கு முகப்புப் பக்கம் திறந்தாலே ஒரு ‘பயன்பாடு’, இன்னொருவருக்கு முழுக்கட்டுரை இறங்கினால்தான். இதைச் சீராக்க 2002-இல் தொடங்கப்பட்டதுதான் ‘கவுன்டர்’ என்ற பன்னாட்டு அமைப்பு. நூலகங்கள், பதிப்பகங்கள், இடைத்தரகர்கள் மூன்று தரப்பும் இதில் உண்டு. இதன் முதல் நெறித்தொகுப்பு 2003 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாம் வடிவம் 2019 ஜனவரி முதல்.

இதன் விதிகள் சின்னச் சின்ன விஷயத்தில் நுணுக்கமானவை. ஒரே கட்டுரையின் மேல் 30 விநாடிக்குள் இரண்டு முறை சொடுக்கினால் ஒன்றுதான் கணக்கு. மெதுவான இணைப்பில் பொறுமையிழந்து தட்டும் விரலுக்காக எழுதிய விதி இது. ஒரே அமர்வில் ஒருவர் கட்டுரையைத் திரையில் படித்து, பிறகு பி.டி.எஃப். ஆகவும் இறக்கினால் ‘மொத்தக் கோரிக்கை’ 2, ‘தனிக் கோரிக்கை’ 1. ஐந்தாம் வடிவத்துக்கு முன் இந்த வேறுபாடு இல்லை. திரை வடிவத்தை முதலில் திறந்துவிடும் பதிப்பகத்தின் இதழ்கள் அதிகம் படிக்கப்படுவதாகத் தோன்றின. சுருக்கத்தைப் பார்ப்பது, முழுக்கட்டுரையைப் பெறுவது, உரிமம் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டது என்று மூன்றும் தனித்தனியாக வரும். மூன்றாவதுதான் நூலகருக்கு மிக முக்கியம். வாங்காத இதழை எத்தனை பேர் தட்டிப் பார்த்தார்கள் என்று சொல்லும் ஒரே பதிவு அது.

இந்த அறிக்கையை வைத்துப் போடுவதுதான் ஒரு பயன்பாட்டுக்கான செலவு: சந்தாவைக் கோரிக்கை எண்ணிக்கையால் வகுப்பது. 90,000 ரூபாய் இதழ் 30 முறை இறங்கினால் முறைக்கு 3,000 ரூபாய். 3,000 முறை இறங்கினால் 30 ரூபாய். தனி இதழுக்கு இது நல்ல கைவிளக்கு. நூற்றுக்கணக்கான இதழ்களை ஒரே மூட்டையாகத் தரும் பெருந்தொகுப்பு ஒப்பந்தத்தில் தனி இதழின் விலை என்று ஒன்று கிடையாது. எனவே வகுக்கப்படும் எண்ணே கற்பனை. துறைகளுக்கிடையே இதை ஒப்பிடுவதும் அநியாயம். வேதியியலில் 10 பேர் கொண்ட ஆய்வுக்குழு ஒரு வாரத்தில் இறக்குவதை, கல்வெட்டியல் ஆய்வாளர் ஓராண்டில் இறக்கமாட்டார். அவருக்கு வேண்டியவை பெரும்பாலும் மின்வடிவில் இருப்பதுமில்லை.

அறிக்கையில் வராத பயன்பாடும் இருக்கிறது. ஆசிரியர்கள் தாமே வலையேற்றிய பிரதிகள், நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டுரைகளை உரிமம் இல்லாமல் இலவசமாகத் தரும் தளமாக 2011-இல் தொடங்கிய சை-ஹப். எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகிய பதிப்பாளர்கள் 2020 டிசம்பரில் அதற்கு எதிராக தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். சட்டம் ஒருபுறம் இருக்க, நூலகத்துக்கு இதில் நேரடிப் பாதிப்பு உண்டு. சந்தா கட்டிய இதழையே மாணவர் வேறு வழியில் எடுத்தால் கோரிக்கை எண்ணிக்கை குறையும், ஒரு பயன்பாட்டுக்கான செலவு ஏறும், அடுத்த ஆண்டு அந்த இதழ் வெட்டுப்படும்.

பல நூலகங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் வழக்கம் அமெரிக்காவில் பழையது. மினசோட்டா பல்கலைக்கழக நூலகராக இருந்த ஜேம்ஸ் தேயர் ஜெரால்ட், 1907–08 ஆண்டிலிருந்து பெரிய பல்கலைக்கழக நூலகங்களின் தொகுதிகள், செலவு, பணியாளர் விவரங்களைத் திரட்டினார். பின்பு பிரின்ஸ்டனுக்குப் போன பிறகும் தொடர்ந்தார். 1932-இல் உருவான ஆராய்ச்சி நூலகங்களின் சங்கம் 1961–62 முதல் இந்த வேலையை ஏற்று ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அறுபடாமல் வரும் நூலகக் கணக்கு உலகில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. அதில் நெடுங்காலம் தொகுதி எண்ணிக்கையே தரத்தின் அளவுகோலாக இருந்தது. யாரிடம் அதிகம் என்ற போட்டி மின்னிதழ் காலத்தில் அர்த்தமிழந்ததும், சங்கம் தன் குறியீட்டைச் செலவையும் பணியாளர் எண்ணிக்கையையும் அடிப்படையாகக் கொண்டு மாற்றியது. வாசகர் தரப்பை அறிய 2000-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ‘லிப்குவால்’ என்ற கருத்தாய்வைத் தொடங்கியது. ஒவ்வொரு கேள்விக்கும் வாசகர் மூன்று மதிப்பெண் தர வேண்டும்: குறைந்தது எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருந்தால் நன்று, இப்போது எவ்வளவு கிடைக்கிறது. பன்னாட்டுத் தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 2789 எதை எப்படி எண்ணுவது என்று வரையறுக்கிறது. அதன்மேல் செயல்திறனைக் கணக்கிடுவது ஐ.எஸ்.ஓ. 11620.

இந்தியாவில் அப்படி நீண்ட தொடர் கணக்கு இல்லை. ‘நாக்’, என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை, மாநில அரசு, பல்கலைக்கழக மானியக் குழு என்று ஒவ்வொருவரும் தமக்குத் தேவையான படிவத்தில் கேட்கிறார்கள். என்.ஐ.ஆர்.எஃப். படிவம் புத்தகம், இதழ், மின்வளம் மூன்றையும் ஒன்றாக்கி மூலதனச் செலவுத் தலைப்பில் கேட்கிறது. ஓராண்டு முடிந்ததும் கையில் எதுவும் மிஞ்சாத மின்னிதழ்ச் சந்தாவைப் பல பல்கலைக்கழகங்கள் தம் கணக்கில் வருவாய்ச் செலவாக எழுதுகின்றன. எனவே ஒரே ஆண்டின் ஒரே செலவு, தணிக்கை அறிக்கையில் ஒரு தொகையாகவும் தரவரிசைப் படிவத்தில் வேறொரு தொகையாகவும் நிற்கும். இரண்டுமே பொய் இல்லை. இரண்டையும் இணைத்துக் காட்டும் ஒரு பக்க விளக்கத் தாளைக் கோப்பில் வைத்திருக்கும் நூலகர், கேள்வி வரும் நாளில் தப்பித்துக்கொள்வார்.

2025 ஜனவரி முதல் இந்தக் கணக்கில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-இல் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில், 2025, 2026, 2027 ஆகிய 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. பணம் தனிப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் போவதில்லை. எந்த ஆய்விதழுக்கும் சொந்தமாகச் சந்தா கட்ட முடியாமல் இருந்த மாநிலக் கல்லூரிகளுக்கு இது பெரும் வரவு. கணக்குப் பேரேட்டில் தெரிவதோ வேறு: இதழ்ச் செலவு சட்டென்று இறங்கியிருக்கும், பயன்பாடு ஏறியிருக்கும், ஒரு பயன்பாட்டுக்கான செலவு ஏறத்தாழ பூஜ்யமாகியிருக்கும். 2024-ஐயும் 2025-ஐயும் அருகருகே வைக்கும் எந்த அட்டவணைக்கும் அடிக்குறிப்பு இல்லாமல் முடியாது.

செலவு மிச்சமான பணம் நூலகத்திலேயே தங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. திட்டத்தில் சேராத சிறு பதிப்பகங்களின் இதழ்கள், இந்திய மொழி ஆய்விதழ்கள், அச்சு நூல்கள், பைண்டிங் இவற்றுக்கு அந்தப் பணம் வேண்டும் என்று நூலகக் குழுவில் கேட்க, தலைப்பு வாரியாக முந்தைய 3 ஆண்டுச் செலவு கையில் இருக்க வேண்டும். அதேபோல் தன் வளாகத்தின் கவுன்டர் எண்களையும், திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கைகளின் பட்டியலையும் மாதவாரியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். தேசிய மொத்தத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் தேவை கரைந்து போய்விடும். 2027 டிசம்பரில் முதல் ஒப்பந்தக் காலம் முடிந்து, அடுத்த பட்டியலில் எந்த இதழ் வேண்டும் என்று கருத்துக் கேட்கும்போது, அந்தத் தேவைக்கு ஆதாரமாகக் காட்ட இந்த எண்கள் இருக்கும்.